548: ஒரு சுருதிப் பெட்டியின் கணக்கு

கச்சேரி மேடையில் முதலில் எழும் ஒலி சுருதி. கடைசியில் அடங்குவதும் அதுதான். நாதசுரக் குழுவில் ஒரு காலத்தில் இதற்கென்றே ஒத்து ஊதுபவர் ஒருவர் இருந்தார். வேறு எதுவும் வாசிக்காமல் ஒரே சுரத்தை இடைவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. வாய்ப்பாட்டுக்குத் தம்புரா. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாதவர்களுக்குத் துருத்தி வைத்த சுருதிப் பெட்டி. 1970களின் இறுதியில் பெங்களூருவில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், தாமே புல்லாங்குழல் வாசிப்பவர், மின்னணுச் சுருதிக் கருவிகளைச் செய்யத் தொடங்கினார். அவருடைய ராடெல் பெட்டிகள் பாட்டு வகுப்பு நடக்கும் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. இன்று பல வீடுகளில் அந்த வேலையைக் கைப்பேசிச் செயலி பார்த்துக்கொள்கிறது.

அந்தச் சுருதிப் பெட்டியை இந்த அத்தியாயத்தில் நாமே செய்யப்போகிறோம். ஓர் ஆர்டுயினோ உனோ போர்டு, ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் சில்லு, ஒரு ஸ்பீக்கர், கைப்பிடியளவு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரே கடையில் வாங்கிவிடலாம்.

ஆர்டுயினோவில் ஒலி என்றதும் பெரும்பாலான புத்தகங்கள் ஒரு பஸ்ஸரை மாட்டிப் பிறந்தநாள் பாட்டு வாசிக்கச் சொல்லும். அது நல்ல விளையாட்டுதான். ஆனால் அதிலிருந்து ஒலியைப் பற்றிக் கற்றுக்கொள்வது குறைவு. சுரம் கொஞ்சம் பிசகினாலும் பாட்டு அடையாளம் தெரிந்துவிடும், காது மன்னித்துவிடும். சுருதி அப்படியல்ல. ஒரே ஒலி நிமிடக்கணக்கில் நிற்கும்போது அதிலுள்ள சின்னக் கோணலும் வெளியே தெரிந்துவிடும். நிரலில் எங்கோ ஓர் எண் தவறாக முழு எண்ணாக்கப்பட்டால் அதைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம். இந்த அத்தியாயத்தைச் சுருதியை வைத்து எழுதக் காரணம் இதுதான்.

முதலில் போர்டைப் பற்றிச் சுருக்கமாக. இத்தாலியின் வடக்கே டூரின் நகருக்குப் பக்கத்தில் இவ்ரேயா என்றொரு ஊர். ஒலிவெட்டி தட்டச்சுப் பொறிகளின் சொந்த ஊர். அங்கிருந்த வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் எளிதாகக் கையாளும்படி ஒரு மலிவான போர்டு தேவைப்பட்டது. 2005-ல் மாசிமோ பான்சியும் அவருடைய சகாக்களும் அதைச் செய்தார்கள். ஊரிலிருந்த ஒரு மதுக்கடையின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தக் கடைக்குப் பெயர் கொடுத்தவன் 1002-ல் இத்தாலிக்கு அரசனான ஆர்டுயின். அதே நிலையத்தில் எர்னாண்டோ பர்ரகான் என்ற கொலம்பிய மாணவர் 2003-லேயே தம் முதுகலை ஆய்வுக்காக வயரிங் என்ற அமைப்பை உருவாக்கியிருந்தார். ஆர்டுயினோவில் நாம் நிரல் எழுதும் முறையில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. அவர் பெயரைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது நியாயமில்லை.

உனோவின் நடுவே இருப்பது ஏடிமெகா328பி என்ற எட்டு பிட் சில்லு. நொடிக்கு 1.6 கோடி கிளாக் துடிப்பு. பெரும்பாலான கட்டளைகள் ஒரு துடிப்பில் முடிந்துவிடும். நிரலுக்கு 32 கிலோபைட் இடம். வேலை நடக்கும்போது எண்களை வைத்துக்கொள்ள வெறும் 2 கிலோபைட். ஆடியோ சிடி ஒரு நொடிக்கு 1,76,400 பைட் கேட்கும். அந்தத் தரத்தில் நிரல் நினைவகம் முழுவதையும் ஒலிக்கே கொடுத்தாலும் ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குகூட அதில் அடங்காது. ஆகவே நல்ல தம்புரா ஒன்றைப் பதிவுசெய்து இதற்குள் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம் என்ற யோசனை எடுபடாது. ஒலியைச் சேமிக்க முடியாத இடத்தில் அதைக் கணக்குப் போட்டு உண்டாக்க வேண்டும்.

இந்த வழி புதிதல்ல. 1957-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மேக்ஸ் மேத்யூஸ், ஐபிஎம் 704 கணினிக்கு ஒரு நிரல் எழுதி 17 நொடி இசையை அதிலிருந்து வரவழைத்தார். அறை நிறைய இடம் பிடித்த அந்தக் கணினியால் எண்களை உடனுக்குடன் ஒலியாக்க முடியவில்லை. கணக்கிட்ட எண்களை நாடாவில் பதிந்து, நாடாவை வேறிடத்துக்கு எடுத்துப்போய்தான் கேட்டார்கள். தொடர்ந்து எழுதிய நிரல்களில் மேத்யூஸ் ஒரு சிக்கனமான உத்தியைக் கொண்டுவந்தார்: அலையின் வடிவத்தை ஒரே ஒரு முறை அட்டவணையாக எழுதி வைத்துக்கொள், பிறகு அட்டவணையை வேகமாகவோ மெதுவாகவோ படி. நம் சுருதிப் பெட்டியின் உயிரும் இந்த உத்திதான்.

நேரத்தை வாங்குவது

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. அது எந்தக் கணத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதை வரிசையாக எண்களாகச் சொன்னால் அதுவே ஒலி. ஒவ்வோர் எண்ணையும் சாம்பிள் என்பார்கள். கேட்க வேண்டிய அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் வேகமாகச் சாம்பிள்களை அனுப்ப வேண்டும். பின்னாளில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹாரி நைக்விஸ்ட் 1928-ல் எழுதிய கட்டுரையில் வேர் கொண்ட விதி இது. பழைய டிஜிட்டல் தொலைபேசிக்கு நொடிக்கு 8,000 சாம்பிள் போதுமானதாக இருந்தது. நாம் 15,625 எடுத்துக்கொள்வோம்.

ஏன் இப்படி ஒரு விநோதமான எண்? 1.6 கோடியை 1,024-ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் 15,625 வருகிறது. உனோவிடம் கச்சிதமான நேரத்தை வாங்க வேண்டுமென்றால் அதன் கிளாக்கோடு ஒத்துப்போகும் எண்ணைத்தான் கேட்க வேண்டும். 16,000-மும் மீதியின்றி வகுபடும். ஆனால் 15,625-க்கு இன்னொரு வசதி உண்டு. உனோவில் எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் தனிச் சுற்று கிடையாது. பின்னை ஐந்து வோல்ட்டுக்கு ஏற்றலாம், பூஜ்யத்துக்கு இறக்கலாம், அவ்வளவுதான். அதிவேகமாக ஏற்றி இறக்கி, ஏறி நிற்கும் நேரத்தின் பங்கைக் கூட்டிக் குறைத்தால் சராசரி மின்னழுத்தம் நமக்கு வேண்டியபடி அமையும். இதுதான் பிடபிள்யூஎம். உனோ வழக்கமாக இதை நொடிக்கு 490 முறை அல்லது 980 முறை செய்கிறது. மோட்டாருக்கும் எல்இடிக்கும் சரி. ஒலிக்கு உதவாது, அந்த 490-ஏ காதில் கீச்சென்று விழும். இரண்டாம் டைமரை அதன் முழு வேகத்தில் ஓடவிட்டால் 256 துடிப்புக்கு ஒரு சுற்று, நொடிக்கு 62,500 சுற்று. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நான்கு சுற்றுக்கு ஒருமுறை புதிய சாம்பிள் கொடுத்தால் அதுவே 15,625.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் டைமர் ஓர் இன்டரப்ட் எழுப்பும். சில்லு கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு நம் சிறு நிரலுக்கு ஓடிவரும். மூன்று முறை சும்மா திரும்பிப் போகும். நான்காம் முறை அடுத்த சாம்பிளைக் கணக்கிட்டு 11-ஆம் பின்னுக்குரிய டைமர் பதிவகத்தில் எழுதிவிட்டுப் போகும். ஆர்டுயினோ தன் கடிகாரத்துக்காக வைத்திருக்கும் வேறோர் இன்டரப்ட் இடையில் புகுந்தால் நம் நிரல் சில மைக்ரோ நொடி தாமதமாகும். சாம்பிள்கள் முன்னே பின்னே விழுந்தால் ஒலியில் கரகரப்பு ஏறும் என்பதால் இது பயப்பட வேண்டிய விஷயம். ஆனால் சில்லை வடிவமைத்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். இந்த முறையில் நாம் எழுதும் எண் உடனே நடைமுறைக்கு வராது. டைமர் அடுத்த சுற்றைத் தொடங்கும் அதே கணத்தில்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஒரு சுற்று 16 மைக்ரோ நொடி. அதற்குள் எப்போது எழுதினாலும் சாம்பிள் வெளியேறும் நேரம் துல்லியமாக ஒன்றே. இப்படிப்பட்ட அக்கறை சில்லின் விவரக் கையேட்டில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். அந்தக் கையேட்டைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தொழில் கைவசம்.

ஆக ஒரு சாம்பிளுக்கு நமக்குக் கிடைப்பது 1,024 துடிப்பு. எல்லா வேலையும் அதற்குள் முடிய வேண்டும். சைன் அலையை ஒவ்வொரு முறையும் சூத்திரப்படி கணக்கிடலாமா? தசமப் புள்ளிக் கணக்குக்கு இந்தச் சில்லில் வன்பொருள் இல்லை. ஒரே ஒரு சைன் மதிப்புக்கே ஆயிரத்துக்கு மேல் துடிப்பு செலவாகும். எனவேதான் அட்டவணை. போர்டு உயிர்பெறும்போது ஒருமுறை மட்டும், ஆற அமர, ஓர் அலையை 256 இடங்களாகப் பிரித்து ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் -127 முதல் 127 வரையுள்ள எண்ணாக எழுதி வைத்துவிடுகிறோம். 256 பைட் போகும். 2 கிலோபைட்டில் அது தாங்கும்.

பிரகாரம் சுற்றுதல்

இப்போது அட்டவணையை எந்த வேகத்தில் படிப்பது என்ற கேள்வி. கர்நாடக சங்கீதத்தில் ஒரு கட்டை என்றால் மேற்கத்திய சி சுரம். ஆண் குரலுக்கு ஏற்ற ஸ்தாயியில் அது 130.81 ஹெர்ட்ஸ். நொடிக்கு 15,625 சாம்பிள் போகிறது. அதற்குள் அட்டவணையை 130.81 முறை முழுதாகச் சுற்றி வர வேண்டும். 256-ஐ 130.81-ஆல் பெருக்கி 15,625-ஆல் வகுத்தால் ஒரு சாம்பிளுக்கு 2.14 இடம் நகர வேண்டும் என்று வருகிறது. 2.14-ஐ 2 என்று வைத்தால் சுரம் ஓர் அரைச் சுரத்துக்கும் மேல் இறங்கிவிடும்.

வழி இருக்கிறது. கோயில் பிரகாரத்தில் 65,536 கல் பதித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிளுக்கு ஒரு முறை 548 கல் தாண்டி அடி வைக்கிறோம். ஏறத்தாழ 119 அடியும் கொஞ்சமும் வைத்தால் ஒரு சுற்று. அந்தக் கொஞ்சத்தைத் தூக்கி எறியாமல் அடுத்த சுற்றுக்கு எடுத்துப் போகிறோம். நின்ற கல் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று மட்டும் பார்த்து, அதற்குரிய அட்டவணை எண்ணைப் படிக்கிறோம். சில்லுக்குள் இது 16 பிட் எண்ணி ஒன்று. 65,535-ஐத் தாண்டினால் அதுவே மீதியோடு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடரும். நாம் எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை. அதன் மேல் எட்டு பிட்டை எடுத்தால் 0 முதல் 255 வரை அட்டவணையின் இடம் கிடைத்துவிடும். ஒரு கூட்டல், ஒரு படித்தல். இருபது சொச்சம் துடிப்பில் வேலை முடிந்தது.

548-க்குக் கிடைக்கும் அதிர்வெண் 130.65 ஹெர்ட்ஸ். வேண்டியது 130.81. துல்லியமாகப் பார்த்தால் 548.67 வேண்டும், அருகிலுள்ள முழு எண் 549. அப்படியிருக்க 548 ஏன்? அதைக் காதாலேயே கேட்கப் போகிறோம். அதற்கு முன் ஸ்பீக்கரை மாட்ட வேண்டும்.

11-ஆம் பின்னிலிருந்து நேராக ஸ்பீக்கருக்கு வயர் இழுக்காதீர்கள். எட்டு ஓம் ஸ்பீக்கர் ஐந்து வோல்ட்டில் 600 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். பின் தாங்கும் உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர். பின்னிலிருந்து முதலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 22 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு வடிகட்டி. 7,200 ஹெர்ட்ஸ் அளவு வரை பெரும்பாலும் விட்டுவிடும்; 62,500-ஐ ஒன்பதில் ஒரு பங்குக்குக் குறைத்துவிடும். அடுத்து ஒரு 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், பிளஸ் முனை ஆர்டுயினோ பக்கம். நம் அலை இரண்டரை வோல்ட்டை நடுவாகக் கொண்டு ஆடுகிறது; அந்த நிலையான இரண்டரையை இது தடுத்து ஆட்டத்தை மட்டும் அனுப்பும். பிறகு 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், அதன் நடு முனையிலிருந்து எல்எம்386 சில்லின் மூன்றாம் காலுக்கு. ஒன்றாம் காலையும் எட்டாம் காலையும் சும்மா விட்டால் இது 20 மடங்கு பெருக்கும். சின்ன அலையே அதற்குப் போதும் என்பதால் வால்யூமை அடியில் வைத்துத் தொடங்குங்கள். ஐந்தாம் காலிலிருந்து 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ஸ்பீக்கர்.

பவர் சப்ளை பற்றி ஒரு வார்த்தை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ஒன்பது வோல்ட் அடாப்டர்களில் வடிகட்டல் சரியாக இல்லையென்றால் ரீங்காரம் வரும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; முழு அலையும் திருத்தப்பட்டதால் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைக்கு மந்த்ர பஞ்சமம் 98. அதாவது அந்த ரீங்காரம், சற்றே ஏறிப்போன ஒரு பஞ்சமமாகச் சுருதியோடு மோதிக்கொண்டே இருக்கும். மற்ற ஒலிக் கருவிகளில் கொஞ்சம் ரீங்காரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். சுருதிப் பெட்டியில் அது அபசுரம்.

எல்லாம் மாட்டி முடித்து ஒரே ஒரு சைன் அலையை ஓடவிட்டால் வருவது பழைய தொலைபேசி ரிசீவரைத் தூக்கியதும் கேட்குமே, அந்த மாதிரி மொழுக்கென்ற ஒலி. சுரம் சரி, உயிர் இல்லை. இயற்கையான எந்த இசைக் கருவியும் ஓர் அதிர்வெண்ணோடு நிற்பதில்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று மேற்சுரங்கள் கூடவே எழும். அட்டவணையை நிரப்பும்போதே அவற்றையும் கூட்டிவிடலாம்: இரண்டாவதைப் பாதி உயரத்தில், மூன்றாவதை மூன்றில் ஒரு பங்கில், இப்படிப் பன்னிரண்டு வரை, கூட்டியதும் மொத்தத்தையும் மறுபடி 127-க்குள் சுருக்கிவிடுங்கள். இன்டரப்ட்டுக்குள் ஒரு துடிப்புகூடக் கூடுதல் செலவில்லை, அட்டவணை அதே 256 பைட்தான். ஒலி சட்டென்று ரீடு வைத்த சுருதிப் பெட்டியின் பக்கம் நகர்ந்துவிடும். ஆசைப்பட்டு நாற்பது மேற்சுரம் சேர்த்துவிடக் கூடாது. மேல் ஷட்ஜம் 261 ஹெர்ட்ஸ். அதன் நாற்பதாம் மடங்கு 10,450-க்கும் மேல். நம் சாம்பிள் வேகத்துக்கு 7,812-தான் எல்லை. எல்லை மீறியது மறையாது, மடங்கித் திரும்பி 5,170 ஹெர்ட்ஸ் பக்கம் சம்பந்தமில்லாத ஒரு கீச்சொலியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி மூன்று குரல்: ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம். மூன்று எண்ணிகள், அட்டவணை ஒன்றே. மூன்று மதிப்பையும் கூட்டி, நான்கால் வகுத்து, 128 சேர்த்து வெளியே அனுப்புகிறோம். வகுத்தல் கட்டளை இந்தச் சில்லில் இல்லை. இரண்டு பிட் வலப்பக்கம் தள்ளினால் நான்கால் வகுத்ததாகிவிடும். மொத்தச் செலவு, இன்டரப்ட்டுக்கு வந்து போகும் செலவும் சேர்த்து, 1,024-ல் ஒரு சிறு பங்கு.

ஒற்றைப்படை எண்ணின் குற்றம்

ஷட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 2-க்கு 3. ஷட்ஜமத்தின் அடி 548 என்றால் பஞ்சமத்தின் அடி 822. மேல் ஷட்ஜம் 1,096. மூன்றும் முழு எண்கள். ஓடவிட்டுக் கேளுங்கள்: ஒலி கல்போல் நிற்கும். எவ்வளவு நேரம் கேட்டாலும் அசைவு இருக்காது.

இப்போது ஷட்ஜமத்தை 549 ஆக்குங்கள். ஒரு கட்டைக்கு இன்னும் நெருக்கமான எண் அதுதானே. பஞ்சமம் 823.5 ஆக வேண்டும். அரைக்கு இடமில்லை, 823 என்று வைக்கிறோம். மேல் ஷட்ஜம் 1,098. ஒலியில் ஏதோ ஒன்று மூச்சு விடுவதுபோல் மெதுவாக ஏறி இறங்கும். நான்கு நொடிக்கு ஒருமுறை விம்மல். ஷட்ஜமத்தின் மூன்றாம் மேற்சுரமும் பஞ்சமத்தின் இரண்டாம் மேற்சுரமும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டியவை. 549-ன் மூன்று மடங்கு 1,647. 823-ன் இரு மடங்கு 1,646. அந்த ஒற்றை எண் வித்தியாசம் 0.238 ஹெர்ட்ஸ். இரண்டும் 4.2 நொடிக்கு ஒருமுறை கைகோர்த்து, பிறகு விலகி, மறுபடி கைகோர்க்கின்றன. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் பிருடையைத் திருகிக்கொண்டே கவனிப்பதும் இந்த விம்மலைத்தான். அது மெதுவாகி மெதுவாகி நின்றுவிட்டால் சுருதி சேர்ந்தது.

இதே சோதனையை வெறும் சைன் அட்டவணையோடு செய்தால் அந்த விம்மல் கேட்காது. சந்திக்க வேண்டிய மேற்சுரங்களே அதில் இல்லை. ஒலி செழுமையாக ஆக ஆக அது சுத்தத்தையும் கூடுதலாகக் கேட்கிறது. எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் செய்துகாட்டத் தக்கது: ஒரு பொத்தானை அழுத்தினால் 548, விட்டால் 549. வாய்விட்டு விளக்க வேண்டியதே இல்லை.

கீபோர்டில் சியையும் ஜியையும் சேர்த்து அழுத்தினாலும் விம்மல் உண்டு. அங்கே ஸ்தாயி பன்னிரண்டு சமக் கூறாக வெட்டப்பட்டிருப்பதால் பஞ்சமம் 1.5 மடங்கு இல்லை, 1.4983 மடங்கு. இந்த ஸ்தாயியில் 2.3 நொடிக்கு ஒரு விம்மல் வரும். கீபோர்டில் சுரங்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பாடுபவர் அரைமணி நேரம் சாய்ந்துகொள்ளும் சுருதியில் அது கூடாது என்பதே என் கட்சி.

மத்யம சுருதியில் கதை தலைகீழ். புன்னாகவராளி, குறிஞ்சி, நாதநாமக்கிரியை போன்றவற்றைப் பாடும்போது பஞ்சமத்துக்குப் பதில் மத்யமத்தை வைப்பார்கள். விகிதம் 3-க்கு 4. 548-ஐ மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும். 549-ஐ வகுத்தால் 183, மத்யமம் 732, மீதியே இல்லை. பஞ்சமத்தில் குற்றவாளியாக நின்ற எண் மத்யமத்துக்கு உத்தமமான எண்.

இந்தச் சிரமமெல்லாம் 16 பிட் எண்ணியால் வந்தது. 32 பிட் ஆக்கினால் ஓர் எண் வித்தியாசம் ஒரு விம்மலைக் காட்ட மூன்று நாளுக்கு மேல் ஆகும். எந்தக் காதும் கண்டுபிடிக்காது. செலவு சில துடிப்புகள்தான் கூடும். நான் 16 பிட்டை வைத்துச் சொன்னதற்குக் காரணம், முழு எண்ணாக்கும் பிழை என்பது கணிதப் புத்தகத்தின் சங்கதி அல்ல, காதுக்கு எட்டும் சங்கதி என்று காட்டத்தான்.

இன்னொரு பிழையும் இருக்கிறது. அது வேறு ரகம். உனோவில் ஏடிமெகா சில்லுக்குத் துடிப்புக் கொடுப்பது குவார்ட்ஸ் படிகம் அல்ல, செராமிக் ரெசொனேட்டர். நொடிக்கு 1.6 கோடி என்பது அரை சதவீதம் வரை பிசகலாம். அரைச் சுரத்தை நூறு கூறாக்கினால் அது எட்டு ஒன்பது கூறு. கவனமாகக் கேட்பவருக்குத் தெரியும். ஆனால் கிளாக் பிசகினால் மூன்று குரலும் ஒரே விகிதத்தில் சேர்ந்தே பிசகும். 2-க்கு 3 என்பது மாறாது, விம்மல் வராது. தனியாகப் பாடுபவருக்குப் பாதகமில்லை. வயலினும் மிருதங்கமும் வேறு கருவியை வைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டு வந்தால்தான் சங்கடம்.

தம்புரா எங்கே?

இதுவரை செய்தது சுருதிப் பெட்டி. தம்புரா இல்லை. தம்புராவின் தந்தியை மீட்டியதும் ஒலி ஒரே நிறத்தில் நிற்பதில்லை. மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து விரியும். அகலமான பாலமும், தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலும் செய்கிற காரியம் அது. சி. வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது, 1921-ல், வீணையையும் தம்புராவையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேற்சுரம் எழக்கூடாது என்று பழைய விதி ஒன்று உண்டு. இந்தப் பாலம் உள்ள கருவிகளில் அந்த எழக்கூடாத சுரங்களும் பலமாகக் கேட்கின்றன என்று அவர் காட்டினார். நோபல் பரிசு பெற்ற ஒளிச்சிதறலுக்கு முன்னால் ராமன் ஆண்டுக்கணக்கில் உழைத்தது இப்படிப்பட்ட ஒலி ஆராய்ச்சியில்.

மீட்டிய தந்தியை உனோவில் கொண்டுவர ஓர் அழகான வழி உண்டு. 1983-ல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸாண்டர் ஸ்ட்ராங் இருவரும் வெளியிட்டது. ஓர் அலைநீளத்துக்கு வேண்டிய சாம்பிள்களை, நம் ஷட்ஜமத்துக்கு 120 பைட் போதும், தாறுமாறான எண்களால் நிரப்புங்கள். அவற்றை வட்டமாகப் படித்துக்கொண்டே, படித்த ஒவ்வோர் இடத்திலும் அந்த எண்ணுக்கும் பக்கத்து எண்ணுக்கும் சராசரியைத் திரும்ப எழுதுங்கள். அவ்வளவுதான். முதலில் சுளீரென்று ஆரம்பித்து, கூர்மை குறைந்து, தேய்ந்து மறையும் தந்தி ஒலி வந்துவிடும். நான்கு தந்திக்கும் சேர்த்து 700 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் 2 கிலோபைட் போர்டிலும் இது சாத்தியம்.

ஆனால் சுருதி சேர்க்கப் போனால் 548-ன் உபாயம் இங்கே செல்லாது. வட்டத்தின் நீளம் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். 119-லிருந்து 120-க்குப் போனாலே சுரம் அரைச் சுரத்தின் ஏழில் ஒரு பங்கு தாவிவிடும். சராசரி எடுப்பது வேறு நீளத்தோடு அரைச் சாம்பிளைக் கூட்டிவிடுவதால், நீளத்தை இரட்டித்தாலும் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி இறங்குவதில்லை. டேவிட் ஜாஃபே, ஜூலியஸ் ஸ்மித் இருவரும் அதே 1983-ல் பின்னச் சாம்பிள் தாமதம் தரும் ஒரு சிறு வடிகட்டியைச் சேர்த்து இதைச் சரிசெய்தார்கள். ஜீவா நூலின் விளைவையும் வேண்டுமென்றால் அதற்கும் மேலே கணக்குப் போட வேண்டும். எட்டு பிட் போர்டை விட்டு வெளியேற இதுவே தக்க இடம்.

வெளியே நல்ல போர்டுகள் நிறைய. ஈஎஸ்பி32 இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ். பால் ஸ்டோஃப்ரெகன் வடிவமைத்த டீன்சி 4.0, 600 மெகாஹெர்ட்ஸ். அதற்காக அவர் எழுதிய ஆடியோ நூலகம் சிடி வேகத்தில், 128 சாம்பிள் கொண்ட கட்டுகளாக ஒலியைக் கையாளும். 2021-ல் வந்த ராஸ்பெரி பை பீகோ விலை மலிவு. இவற்றில் பிடபிள்யூஎம்மோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஃபிலிப்ஸ் 1986-ல் வகுத்த ஐ2எஸ் என்ற மூன்று வயர் முறையில் பிசிஎம்5102 போன்ற சில்லுக்கு 16 பிட் எண்களை அனுப்பிவிடலாம், ஒலி சுத்தமாக வரும். உனோவிலேயே தொடர விரும்புகிறவர்கள் டிம் பாரஸ் எழுதிய மொஸ்ஸி நூலகத்தைப் பாருங்கள். இந்த அத்தியாயத்தில் கையால் செய்ததை அது பல மடங்கு விரிவாகச் செய்து வைத்திருக்கிறது. எம்பி3 கோப்பை எடுத்து ஒலிக்கும் தனி மாட்யூல்களும் கிடைக்கின்றன. அறிவிப்புப் பலகைக்கும் பொம்மைக்கும் அவை உகந்தவை. ஒலியைக் கற்றுக்கொள்ள உதவாது. ஒன்று கவனம்: 2023-ல் வந்த உனோ ஆர்4 வேறு சில்லைக் கொண்டது. அதில் எண்ணை மின்னழுத்தமாக்கும் 12 பிட் சுற்றே உண்டு, டைமர்களும் வேறு. இங்கே சொன்ன கணக்கு ஆர்3-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும்தான்.

உங்கள் கட்டைக்குரிய எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதிர்வெண்ணை 65,536-ஆல் பெருக்கி 15,625-ஆல் வகுங்கள். பஞ்சம சுருதி என்றால் அருகிலுள்ள இரட்டைப்படை எண், மத்யம சுருதி என்றால் அருகிலுள்ள மூன்றால் வகுபடும் எண். ஐந்தரைக் கட்டை பாடும் பெண்களுக்கு அதிர்ஷ்டம்: அவர்களுடைய 207.65 ஹெர்ட்ஸுக்குக் கணக்கு 870.96 என்று வரும். 870 வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சமம் 1,305, மத்யமம் 1,160, இரண்டும் மீதியில்லாமல் அமையும். செய்து முடித்ததும் பாட்டுக் கற்ற ஒருவரை அழைத்து, எந்த எண் ஓடுகிறது என்று சொல்லாமல் 870-ஐயும் 871-ஐயும் மாற்றி மாற்றிக் கேட்கக் கொடுங்கள். அவர் சொல்லும் தீர்ப்பைக் கேட்ட பிறகு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.